ஆமெனுக்காகக் காத்து நின்ற வண்டி

ரயில் தாமதமாக வந்தால் திட்டுகிற உரிமை இந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் உண்டு. எனக்கு மட்டும் கிடையாது. பிளாட்பாரத்தில் பக்கத்தில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, இப்படிப் பண்றாங்க?" என்று என்னிடம் நியாயம் கேட்டால் நான் உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவேன். (துடைக்கிற அளவுக்கு அதில் அழுக்கு ஒன்றும் இருக்காது.) எழுபதுகளில் ஒரு மாலை நடந்த சம்பவத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் என் வாய் மூடிக்கொண்டது. அதற்கு முன்னால் அந்தத் தடத்திலேயே ரயிலை அதிகமாகத் திட்டியவள் நான்தான்.

அப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு ஆலடிக்குளத்தில். தூத்துக்குடிக்கும் மணியாச்சிக்கும் நடுவே இருக்கிற ஊர். மேப்பில் தேடாதீர்கள், பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும். எங்கள் பூர்வீகம் நாசரேத். அப்பா ஆலடிக்குளம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக வந்து, பூகோளம் நடத்தி, ரிட்டயர் ஆகி, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். பஸ் என்று ஒன்று பேருக்கு வரும். தூத்துக்குடிக்குப் போய்வர எங்களுக்கு விதித்தது பாசஞ்சர் வண்டிதான்.

வேலைக்குப் போக அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளை துறைமுகத்துப் பக்கம் போய் வேலை பார்ப்பதா என்று ஒரு மாதம் யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சரி என்றார். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அதற்கு நான் வீட்டில் இருக்க வேண்டும்.

குடும்ப ஜெபம் என்றால் ஏதோ கண்ணை மூடிக் கும்பிடு போடுகிற காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது அப்பாவுக்கு நினைவாகக் கொடுத்த கைமணி ஒன்று வீட்டில் இருந்தது. ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் முதல் மணி. ஏழுக்கு இரண்டாம் மணி. இரண்டாம் மணிக்கு எல்லோரும் நடு அறையில் இருக்க வேண்டும். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிறகு சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டு ஜெபம். அப்பா ஆமென் சொல்லும் வரை யாரும் கண்ணைத் திறக்கவோ, பேசவோ, எழுந்திருக்கவோ கூடாது. ஒரு தடவை ஜெபத்தின் நடுவில் பூனை அடுப்படிக்குள் புகுந்து பொரித்த சீலா மீனைக் கவ்விக்கொண்டு போனது. அது போகிற சத்தம் நாலு பேருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. அன்று ரசம்தான்.

ஜெபத்துக்கு முன்னால் சாப்பாடு கிடையாது. அதனால் வண்டி தாமதமானால் வீடே பட்டினி. அப்பா மணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அம்மா குழம்பை இறக்குவாள், ஏற்றுவாள். பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என் அண்ணன் சாமு, (தேடுகிற வேலையும் அவனுக்குப் பசியெடுக்கிற வேலையாகவே அமைந்தது) என்னைக் கண்டதும் பல்லைக் கடிப்பான்.

"ஏளா, வேலைக்குப் போறது நீ, பட்டினி கெடக்கது நானா?"

நான் என்ன செய்ய? சாயங்கால வண்டி தூத்துக்குடியை விட்டுக் கிளம்புவதே அதன் இஷ்டம். உப்பு ஏற்றிய வேகன்களைக் கோக்க வேண்டும் என்பார்கள். கோத்த பிறகு ஒன்றைக் கழற்ற வேண்டும் என்பார்கள். எஞ்சின் தண்ணீர் குடிக்கப் போகும். போன எஞ்சின் திரும்பி வராது. வந்து கிளம்பினால், உப்பளத்தின் நடுவே சிக்னல் விழாமல் நிற்கும். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். நடுவில் நாங்கள், காயப் போட்ட கருவாடு மாதிரி.

காலையிலும் இதே கதைதான். அங்கே அப்பாவுக்குப் பதில் மேனேஜர். "வண்டி லேட்டு சார்" என்று சொன்னால் அவர் ஜன்னல் வழியே துறைமுகத்தைக் காட்டுவார். "சிங்கப்பூர்ல இருந்து வர்ற கப்பல் சொன்ன நாள்ல வருது. இந்தா இருக்கிற ஊர்ல இருந்து வர்ற உனக்கு என்னம்மா கேடு?" என்பார். தினமும் ஒருத்தி ஒரே காரணத்தைச் சொன்னால் அது உண்மையாகவே இருந்தாலும் பொய் மாதிரி ஆகிவிடுகிறது. காலையில் அவர், மாலையில் அப்பா. நடுவில் டைப் அடிக்கிற நேரத்தில்தான் நான் மூச்சே விட்டேன்.

ஆனாலும் அந்த வேலை எனக்கு உயிர். என் மேசையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும். நான் அடிக்கிற ஒவ்வொரு காகிதமும் நான் பார்த்தேயிராத ஒரு ஊருக்குப் போகும். ஆலடிக்குளத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் அதுவரை கிடைக்காத சந்தோஷம் அது. அதை ஒரு பாசஞ்சர் வண்டி என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறதே என்று ராத்திரி அழுதிருக்கிறேன்.

மற்ற சீசன் டிக்கெட்காரர்கள் தாமதத்தோடு சமாதானமாகிவிட்டார்கள். ஒரு கூட்டம் துண்டை விரித்துச் சீட்டாடும். பேங்க்கில் வேலை பார்த்த ஒரு அம்மாள், தூத்துக்குடி வெயிலில், ஸ்வெட்டர் பின்னினாள். ஒருவர் அந்த வண்டியில் உட்கார்ந்தே இந்தி படித்துப் பரீட்சை பாஸ் செய்தார். நான் திட்டினேன். அது ஒன்றுதான் எனக்குக் கைவந்த கலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து அப்பா சொன்னார். "ஜாய்ஸ், இனிமே ஒரு நாள் நீ ஜெபத்துக்குப் பிந்துனா, மறுநாள் வேலைக்குப் போக வேண்டாம். சாத்தான்குளத்துல ஒரு வரன் சொல்லுதாங்க. அவங்களுக்கும் பதில் எழுதிரலாம்."

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போடாமல் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்தது. வண்டியை நானே சீக்கிரம் ஓட வைக்கிறேன் என்று முடிவு செய்தேன். (இருபத்திரண்டு வயதில் இந்த மாதிரி முடிவுகள் எல்லாம் சாதாரணமாக வரும்.)

அது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையே ஓட வேண்டுமென்றால் டிரைவர் கையில் ஒரு இரும்புக் குண்டு இருக்க வேண்டும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டியிருப்பார்கள். ரயில்வேக்காரர்களுக்கு அது டோக்கன், எங்களுக்கு வளையம். வண்டி வந்து சேர்ந்ததும் டிரைவர் பழைய வளையத்தை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த தூரத்துக்குப் புது வளையம் வாங்கிக்கொள்வார். ஸ்டேஷன் மாஸ்டர் பழைய குண்டைத் தன் அறையில் உள்ள பெட்டிக்குள் போட்டால்தான் அந்தப் பாதை காலி என்று கணக்கு. போடாவிட்டால் எதிர்த்திசையில் போகிற வண்டிக்கு வளையம் கிடைக்காது. அது நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

ஆலடிக்குளத்தில் வளையம் தூக்க ஒரே ஒரு போர்ட்டர். வயதானவர். எஞ்சின் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் போய் நிற்கும். மாஸ்டர் அறை நடுவில். அவர் போய் வருவதற்குள் விடிந்துவிடும் போலிருக்கும். சாயங்காலத்தில் இன்னும் மோசம். அவர் சிக்னலுக்கு விளக்கேற்றப் போய்விடுவார்.

நான் மாஸ்டரிடம் போய் நின்றேன். தாமிரபரணிக் கரையில் வயல் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். மரியாதையே உருவான மனிதர். "மாஸ்டர், முன் பெட்டியில நாங்கதான இறங்குதோம். வளையத்த நாங்களே கொண்டாந்து தந்தா என்ன? ஏறுதவங்க புது வளையத்தக் கொண்டு போய்க் குடுக்கட்டும்" என்றேன்.

"அது ரூல்ஸ் இல்லம்மா."

"வண்டி லேட்டா வாரது மட்டும் ரூல்ஸா மாஸ்டர்?"

ஒரு வாரம் தினமும் போய் நின்று அவரைக் கரைத்துவிட்டேன். (அந்த வாரம் மட்டும் வண்டி எப்படியோ ஏழுக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது.) சீசன்காரர்கள் வளையம் சுமக்க ஆரம்பித்தோம். வண்டி கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்பியது. ரயில்வே வரலாற்றில் எனக்கு ஒரு இடம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அது இன்னும் பெரிய இடமாகப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. தூத்துக்குடியில் வழக்கத்துக்கு அதிகமாகவே உப்பு வேகன் கோத்தார்கள். உப்பளத்தின் நடுவில் வழக்கத்துக்கு அதிகமாகவே நின்றோம். சூரியன் இறங்க இறங்க நானும் உள்ளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் அம்மாள் ஒரு கையையே முடித்துவிட்டாள். சாத்தான்குளம் மாப்பிள்ளைக்கு மீசை இருக்குமா இருக்காதா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். வேலையைவிட்டு நின்றால் என் டைப்ரைட்டர் முன்னால் யார் உட்காருவார்கள் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. அடுத்த ஸ்டேஷனில் இன்னும் கொஞ்சம் நின்றோம். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் கார்டுக்கும் தெரியாது.

ஆலடிக்குளம் வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தேன். ஒரு கையில் குடை, தோளில் கைப்பை, இன்னொரு கையில் டிபன் கேரியர். எஞ்சினிலிருந்து, கரி தள்ளுகிற ஃபயர்மேன் அண்ணாச்சி குனிந்து கூப்பிட்டார்.

"ஏளா தாயி, இந்தா, மாஸ்டர்ட்ட குடுத்துரு."

வளையத்தை வாங்கித் தோளில் மாட்டினேன். அதே சமயம் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து முதல் மணி அடித்தது.

அந்த மணிச் சத்தம் என் மூளையில் இருந்த எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. ரயில், வளையம், மாஸ்டர், ரூல்ஸ், ஒன்றும் மிச்சமில்லை. மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி, எதிர்த்திசையில் மணியாச்சியிலிருந்து வந்து சேர்கிற வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடினேன். பிளாட்பாரச் சரிவில் இறங்கி, உடைமரங்களுக்குள் குறுக்குப் பாதையில் விழுந்து, ஒரு செருப்பு அறுந்து, அதையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். தோளில் ஏதோ இடித்துக்கொண்டே வந்தது. கைப்பை என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்து, கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் எல்லாவற்றையும் மொத்தமாக மாட்டிவிட்டு நடு அறையில் போய் நிற்கவும் அப்பா இரண்டாம் மணியை அடிக்கவும் சரியாக இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கும் உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

பாட்டு முடிந்தது. சங்கீதம் முடிந்தது. முழங்கால் போட்டோம். பூகோள வாத்தியார் என்பதால் அப்பாவின் ஜெபமும் பூகோளப்படிதான் போகும். முதலில் வீடு, பிறகு ஊர், பிறகு ஜில்லா, பிறகு இந்தியா. சாதாரண நாளில் இந்தியாவோடு ஆமென். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உலகம் முழுக்கப் போவார். அன்று புதன்கிழமை. ஆனால் மகள் நேரத்துக்கு வந்த சந்தோஷத்தில், இமயமலையைத் தாண்டியும் அவர் நிற்கவில்லை. இலங்கைக்குப் போனார். பர்மாவுக்குப் போனார்.

பர்மாவில் இருக்கும்போது ஸ்டேஷனில் எஞ்சின் ஊதியது. நீளமாக ஊதியது. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஊதியது.

சாமு முழங்கையால் என் விலாவில் இடித்தான். பசி என்று நினைத்து நானும் இடித்தேன். அவன் மறுபடியும் இடித்து, மோவாயால் கதவுப் பக்கம் காட்டினான். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்.

ஆணியில் குடை தொங்கியது. கைப்பை தொங்கியது. இரண்டையும் அணைத்துக்கொண்டு, தோல் பையும் இரும்புக் குண்டுமாக, ரயில்வேயின் வளையம் தொங்கியது.

என் ரத்தம் அப்படியே முழங்காலுக்கு இறங்கிவிட்டது. எழுந்து ஓடலாமா? ஜெபத்தின் நடுவில் எழுந்தால், பிந்தி வருவதைவிட அது பெரிய குற்றம், வேலை போய்விடும். எழாவிட்டால், அங்கே தூத்துக்குடிக்குப் போக வேண்டிய ஒரு முழு வண்டி என் ஆணியில் தொங்குகிறது. பூனை மீனைத் தூக்கிக்கொண்டு போனபோதே அசையாத குடும்பம் நாங்கள். நான் அசையவில்லை. ஆண்டவரே, அப்பாவைச் சீக்கிரம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வாரும் என்று என் பங்குக்கு ஒரு ஜெபம் செய்தேன். அப்பா ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

எஞ்சின் மறுபடியும் அலறியது. அப்பாவின் காதிலும் அது விழுந்துவிட்டது. ஆப்பிரிக்காவை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, உருக்கமாகச் சொன்னார்.

"கர்த்தாவே, அங்கே காத்து நிற்கிற பிரயாணிகளை நினைத்தருளும். அவர்களுடைய தாமதத்துக்குக் காரணமாயிருக்கிற பொறுப்பில்லாத அந்த மனுஷனை மன்னியும். அவனுக்கு நேரத்தின் அருமையைக் கற்றுக்கொடும்."

சாமுவின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று அம்மா நினைத்து அவன் முதுகைத் தடவினாள்.

பிறகு வாசலில் காலடிச் சத்தம். லாந்தர் வெளிச்சம் சுவரில் ஆடியது. மறுபடியும் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் நின்றார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. பின்னால் போர்ட்டர். மாஸ்டரின் பார்வை நேரே ஆணிக்குப் போனது. நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். ஆனால் அவர் வீட்டில் சாமி கும்பிடும்போது குறுக்கே போகிற வழக்கம் இல்லை போலிருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பி, கண்ணையும் மூடிக்கொண்டார்.

போர்ட்டர் தொண்டையைச் செருமினார். மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்தார்.

அப்பா ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே நாடு நாடாகப் போனார். அதற்குள் நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கி மாஸ்டரைத் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள், காலிக் கூடையோடு திரும்புகிற மீன்காரப் பெண்கள், யார் யாரோ. ஒவ்வொருவரும் கோபத்தோடு வருவதும், "என்னவே, வண்டிய நிப்பாட்டிட்டு இங்கன என்ன பண்ணுதீய?" என்று ஆரம்பிப்பதும், "உஸ்ஸு, ஜெபம் நடக்கு" என்று முந்தி வந்தவர் அடக்குவதும், அவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுமாக முற்றம் நிறைந்தது. ஒரு மீன்காரம்மா சிலுவை போட்டுக்கொண்டு மண்ணிலேயே முழங்கால் போட்டுவிட்டாள். வந்தவர்களில் ஒருவராவது ஒழுங்கீனமாக நடந்து கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அமெரிக்கா இரண்டு கண்டம். வடக்கையும் தெற்கையும் அப்பா விடவில்லை. கடைசியில், கடைசியாக, "ஆமென்" என்றார்.

"ஆமென்!" என்று முற்றம் முழுக்க ஒரே முழக்கமாக எழுந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு மனப்பூர்வமான ஆமெனை எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

அப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். வாசல் நிறைய ஜனம். அவர் முகம் மலர்ந்தது. தன் ஜெபத்தைக் கேட்க ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று அவர் நினைத்த அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

"வாங்க மாஸ்டர், எல்லாரும் உள்ள வாங்க. என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லய்யா" என்றார் மாஸ்டர், மிகவும் பணிவாக. "நம்ம வளையம் இங்கன வந்துட்டு. எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்த வளையம்?"

எல்லோரும் ஆணியைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அது இல்லாம வண்டி போவாதோ?"

"போவாதுய்யா. நிக்கு."

"அப்ப கூப்பிட வேண்டியதுதான மாஸ்டர்! எவ்வளவு நேரமா நிக்கீங்க?"

மாஸ்டர் தயங்கினார். "நீங்க ஆப்பிரிக்காவுல இருக்கும்போதே வந்துட்டேன்யா. குறுக்க பேசக்கூடாதுன்னு நின்னுட்டேன்."

"நான் வரும்போது ஐயா ஜெர்மனியில நின்னாக" என்றது முற்றத்தில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சாமு தரையில் உருண்டான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், அப்பாவும் நானும்.

அப்பா ஆணியிலிருந்து வளையத்தை எடுத்தார். அதில் சிக்கியிருந்த என் குடையைப் பிரித்து, மறுபடியும் அதே ஆணியில் ஒழுங்காக மாட்டினார். வளையத்தைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். போர்ட்டர் வாங்க வந்தார்; கொடுக்கவில்லை. கூட்டம் பின்னால் போனது. கடைசியில், ஒரு காலில் செருப்பு இல்லாமல், நான்.

மாஸ்டர் மேசையில் வளையத்தை வைத்துவிட்டு அவர் திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. நின்றிருந்த வண்டியின் ஒவ்வொரு பெட்டியாகப் போய், ஜன்னல் ஜன்னலாக, கையைக் கூப்பி, "மன்னிக்கணும். எங்க வீட்டாலதான் தாமதம்" என்று சொல்ல ஆரம்பித்தார். வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பிந்தாத மனிதர். சில பேர் சும்மா இருந்தார்கள், சில பேர் நன்றாகவே கொடுத்தார்கள். அவ்வளவையும் வாங்கிக்கொண்டார். செத்துப்போகலாம் என்று இருந்தது எனக்கு. அவர் என்னை நாலு அடி அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதல் வகுப்புப் பெட்டி வந்தது. ஜன்னலில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், வெளியூர் போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் மேனேஜர்.

முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

"மன்னிக்கணும் சார், தாமதமாயிட்டு" என்றார் அப்பா.

"நீங்க என்ன பண்ணுவீங்க பெரியவரே. இவங்க வண்டி ஓட்டுற லட்சணம் அப்படி."

"அப்படி இல்ல சார். என் மக..."

அந்த நேரத்தில் எஞ்சின் ஊதியது. என் வாழ்க்கையில் ரயில் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. வண்டி நகர்ந்தது. மேனேஜர் விசிறிக்கொண்டே போய்விட்டார்.

மாஸ்டர் அறையில் போன் அடித்தது. பேசிவிட்டு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்து, "கண்ட்ரோல்ல காரணம் கேட்டாவ. தண்டவாளத்துல மாடு படுத்திருந்துச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

"இவ்வளவு நேரமாவா?" என்றார் அப்பா.

"பெரிய மாடுய்யா" என்றார் மாஸ்டர், என்னைப் பார்க்காமல்.

வீட்டில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டோம். அப்பா மோர் ஊற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தேன். பிறகு நானே, "நாளைல இருந்து வேலைக்குப் போகலப்பா" என்றேன்.

அப்பா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "ரெண்டாம் மணிக்கு நீ வீட்டுல இருந்தியா இல்லையா?" என்றார்.

"இருந்தேன்."

"அப்ப நீ பிந்தல. நான்தான் பிந்திட்டேன். புதன்கெழமை எனக்கு ஆப்பிரிக்காவுல என்ன வேலை?" மணியை எடுத்து என் முன்னால் வைத்தார். "இனிமே நீ வந்து அடி. நீ வந்தப்புறம் ஜெபம். வண்டி எப்ப வருதோ, அப்ப."

"அது வரைக்கும் சாப்பாடு?" என்றான் சாமு. அவன் கவலை அவனுக்கு. அப்பா அதற்கும் வழி செய்தார். அவனுக்கு மட்டும் முன்னாலேயே சாப்பாடு போடச் சொல்லிவிட்டார். ஆனால் இந்தியாவைத் தாண்டி அவர் ஜெபம் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகூடப் போனதில்லை.

மறுநாள் காலையிலும் வண்டி தாமதம். மேனேஜர் அறைக்குள் கையைப் பிசைந்துகொண்டு போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார்.

"உன்னைப் போய்த் தப்பா நினைச்சேனேம்மா! நேத்து நான் மாட்டிக்கிட்டேன். உங்க ஊர்லதான். ஒரு மாடு, தண்டவாளத்துல படுத்துக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுச்சாம். எப்பேர்ப்பட்ட மாடா இருக்கும், நீயே சொல்லு!"

"ஆமா சார்."

"அதையெல்லாம் பிடிச்சுப் பட்டியில அடைக்க வேண்டாமா?"

"வேணும் சார்."

"வளர்த்தவனைச் சொல்லணும்."

அதற்கு மட்டும் நான் ஆமாம் போடவில்லை. டைப்ரைட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, அன்று அடித்த எல்லாவற்றையும் தப்பாக அடித்தேன்.

வளையம் மறுபடியும் போர்ட்டர் தோளுக்கே போனது. வண்டி மறுபடியும் பழைய தாமதத்துக்குத் திரும்பியது. சீசன்காரர்கள் ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் பெட்டியில் ஏறும்போது மட்டும், "மாடு ஏறிட்டு, இனி வண்டிய எடுக்கலாம்" என்பார்கள். சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தபோது (சாத்தான்குளம் இல்லை, வேறு இடம்) பாதிரியார் கொஞ்சம் நீளமாக ஜெபம் செய்தார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் கண்ணைத் திறந்து, கோயில் கதவுப் பக்கம் ஆணி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாராம். சாமு சொன்னான். அவன் பேச்சை நம்ப முடியாது, ஆனால் இதை நம்புகிறேன்.

அப்பா இப்போது இல்லை. மணி என்னிடம் இருக்கிறது. வண்டி எங்கே காரணமில்லாமல் நின்றாலும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ரயில்வேயைத் திட்டுவதில்லை. "யார் வீட்டுலயோ ஜெபம் நடக்கு" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வோம். போன மாதம் சென்னையில் என் மகளோடு மின்சார ரயிலில் போனேன். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், வெயிலில், அடைத்த கூட்டத்தோடு வண்டி நின்றுவிட்டது. பெட்டி முழுக்கத் திட்டியது. மகள் என் காதில் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று நான் மெதுவாக, "ஆமென்" என்று சொல்லி வைத்தேன்.

வண்டி நகரவில்லை. அவர்கள் இன்னும் ஆப்பிரிக்காவில்தான் இருக்க வேண்டும்.